குங்கிலியம் பூசின பேன் பெல்ட்

1. காலையில் மட்டும் கத்தும் லாரி

உப்பளத்து லாரி ஒன்று கத்துகிறது, எண்ணூருக்கு வந்து பார்க்கணும் என்று ஆள் வந்து நின்றபோது நான் டோல்கேட் பட்டறையில் ஒரு கியர்பாக்ஸுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். "லாரி கத்துனா லாரியத்தான் இங்க இட்டாரணும். நான் இன்னா மருத்துவச்சியா, வூடு வூடா வர்றதுக்கு?" என்று கத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு அந்த வயதில் வாய் கொஞ்சம் நீளம். இப்போது மட்டும் குறைந்துவிட்டதா என்றால், என் மருமகள்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் உப்பளத்து முதலாளியே வந்துவிட்டார். வண்டியை எடுக்கவே டிரைவர் பயப்படுகிறான், லோடு ஏற்றும் ஆட்கள் வண்டிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினார். பெரிய மனுஷன் வாசலில் நின்று புலம்பும்போது நமக்கும் மனசு இளகும் இல்லையா? சாமான் பையைத் தூக்கிக்கொண்டு காலை ரயிலில் எண்ணூருக்குப் போனேன்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷந்தான் ஆகியிருந்தது. ரோட்டில் ஓடிய பாதி லாரிகள் சண்டையில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்தவை. டிஸ்போசல் லாரி என்போம். இதுவும் அந்த ஜாதிதான். அமெரிக்காக்காரன் செய்தது, யானை மாதிரி தலை, மனுஷன் படுத்துத் தூங்கலாம் போல அகலமான மட்கார்டு. ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் கேட்காதீர்கள். ஒரு பேன் பெல்ட்டுக்குப் புதுப்பேட்டை முழுக்கச் சல்லடை போட்டுச் சலிக்கணும்.

டிரைவர் பேர் ஏகாம்பரம். என் வயசுதான் இருக்கும். பக்கத்துக் குப்பத்து ஆள். முன்னே கால்வாயில் உப்புப் படகு ஓட்டினவன், படகுக்குச் சவாரி குறைந்துபோனதும் ஸ்டியரிங்கைப் பிடித்தவன்.

"இன்னா ஏகாம்பரம், இன்னா சொல்லுது உன் வண்டி?"

"காலைல ஸ்டார்ட் பண்ணா கீ...ன்னு கத்துது பாய். குப்பமே எழுந்துக்குது. வெயில் ஏறினா கொஞ்சம் அடங்குது. பேய் புட்ச்சுகீதுன்னு லோடு தூக்கறவங்க பேசிக்கிறாங்க."

"பேயின்னா ராத்திரில கத்தும்டா. இது இன்னா, டூட்டி டைம் பாத்துக் காலைல கத்துது? ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினான். அல்லா! இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கத்தல். கழியில் மேய்ந்த நாரையெல்லாம் கிளம்பிப் பறந்துவிட்டது.

2. கத்துகிறது எது

இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சத்தம் வந்தால் முதல் வேலை ஸ்பானரை எடுப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. எப்போது கத்துகிறது, எப்போது நிறுத்துகிறது என்று பார்ப்பது. அந்த லாரி ஆக்ஸிலேட்டரைத் தட்டினால் கத்தியது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன், இன்னும் ஓங்கிக் கத்தியது. லைட் போட்டால் டைனமோவுக்கு வேலை கூடும், அதைச் சுழற்றுகிற பெல்ட்டுக்கு இழுவை கூடும். அப்போது கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று பாதி சந்தேகம் தீர்ந்தது. காலைப் பனியில் ஈரம், ஈரத்தில் வழுக்கல். வெயில் ஏறினால் காய்ந்து அடங்குகிறது. பேய் இல்லை.

மீதிப் பாதிக்கு நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தேன். முனையை வாட்டர் பம்ப் மேலே வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே பேரிங் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டைனமோவிலும் வைத்துப் பார்த்தேன், அதுவும் சுத்தம். பிறகு கொஞ்சம் தண்ணீரை விரலால் பெல்ட் மேலே தெளித்தேன். என் அனுபவத்தில், தண்ணீர் பட்டதும் சத்தம் ஓங்கினால் பெல்ட் தொளதொள என்று இருக்கிறது. தண்ணீர் பட்டதும் ஒரு நிமிஷம் அடங்கி மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேராக இல்லை. இது இரண்டையும் செய்தது. முதலில் சட்டென்று அடங்கியது, பிறகு முன்னைவிட ஓங்கியது. வாய்த்துடுக்குள்ள மாமியார் போல இரண்டு பக்கமும் பேசியது.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து பெல்ட்டை முகர்ந்தேன். லாரி பெல்ட்டில் ரப்பர் நாற்றம் வரும், எண்ணெய் நாற்றம் வரும். இதில் படகு வாசனை வந்தது.

"ஏகாம்பரம், இதுல இன்னாடா பூசின?"

தலையைச் சொறிந்தான். "குங்கிலியம் பாய். எண்ணெயில காய்ச்சி. படகுல தண்ணி கசிஞ்சா நாங்க அத்தத்தான் பலகை சந்துல அடைப்போம். பெல்ட்டுக்கும் ஆவும்னு நென்ச்சேன். ஷோக்கா நின்னுச்சு பாய் சத்தம். மறுபடி கத்துச்சு, மறுபடி பூசினேன்."

"அட கஸ்மாலம்! கத்துற வாயில துணிய அடைச்சிட்டு, நோவு போயிடுச்சின்னு சொல்ற!"

குங்கிலியம் பசை. பூசினால் கொஞ்ச நேரம் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அங்கே இருப்பது உப்புக் காற்று. பறக்கிற உப்பெல்லாம் அந்தப் பசையில் போய் ஒட்டி, பெல்ட் உப்புத்தாளாகிவிட்டது. தன்னைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தது. தேயத் தேயத் தொய்வு, தொய்யத் தொய்யக் கத்தல், கத்தக் கத்தக் குங்கிலியம்.

முதல் காரணம் அதற்கும் பின்னாடி இருந்தது. கிராங்க் புல்லிக்கும் டைனமோ புல்லிக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். டைனமோ புல்லி காலணா கனத்துக்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. யாரோ எப்போதோ டைனமோவைக் கழற்றி மாட்டும்போது பிராக்கெட்டில் ஒரு வாஷரைப் போட மறந்திருக்கிறான். அந்த ஒரு வாஷருக்காகப் பெல்ட் இத்தனை நாளும் கோணலாக ஏறிக் கோணலாக இறங்கியிருக்கிறது. சின்ன வாஷர். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை.

3. சத்தம் நின்றது

பெல்ட்டைக் கழற்றிச் சவுக்காரத் தண்ணீரில் கழுவினேன். புல்லிப் பள்ளங்களில் ஏறியிருந்த துருவையும் பசையையும் சுரண்டி எடுத்தேன். பையில் இருந்த வாஷரைப் பிராக்கெட்டில் கொடுத்து, நூல் பிடித்து நேர் பார்த்து, பெல்ட்டை மாட்டி இழுத்து முடுக்கினேன். கழுவின பிறகுதான் பெல்ட்டின் லட்சணம் தெரிந்தது. ரப்பர் முழுக்க வெடிப்பு, உள்ளே நூல் தெரிந்தது. "ஏகாம்பரம், இது ரொம்ப நாள் தாங்காது. நாளைக்கே வேற பெல்ட் தேடி எடுத்தாறேன். அதுவரைக்கும் லோடு ஏத்தாத" என்றேன்.

ஸ்டார்ட் பண்ணினான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை பெரிய இன்ஜின், அத்தனை இரும்பு, ஒரு முனகல் இல்லை. பூனை மடியில் படுத்திருப்பது போல உறுமிக்கொண்டு நின்றது. அது வரைக்கும் என் காதில் விழாத கடல் சத்தம் அப்போதுதான் விழுந்தது. லோடு ஆட்கள் ஒவ்வொருத்தராகக் கிட்டே வந்தார்கள். நான் இந்த வேலையில் எத்தனையோ இன்ஜினைப் பிரித்துச் சேர்த்தவன், ஆனாலும் ஒரு கை அளவு ரப்பர் வளையம் பேனைச் சுழற்றி, தண்ணீரை ஓட்டி, கரண்டைக் கொடுத்து ஒரு யானையை உயிரோடு வைத்திருக்கிறதே என்று அன்றைக்குத்தான் நின்று வியந்தேன். சுப்ஹானல்லா என்று வாய்விட்டே சொன்னேன்.

டீ வந்தது. பாதி டீ குடிப்பதற்குள் பட்டென்று ஒரு சத்தம். பெல்ட் அறுந்து பேனில் அடிபட்டு, செத்த பாம்பு போல மணலில் வந்து விழுந்தது.

நாலு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட நேரம் கிடைக்கவில்லை. குப்பத்துப் பக்கமிருந்து ஒருத்தன் மணலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

4. முடிச்சு இல்லாத வளையம்

ஓடிவந்தவன் தேசப்பன், ஏகாம்பரத்தின் தங்கச்சி புருஷன். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். அவன் பெண்டாட்டி பூங்காவனத்துக்கு முந்தின நாளிலிருந்தே பிள்ளை வலி. தலைப்பிள்ளை. மருத்துவச்சி கன்னியம்மா, குழந்தை குறுக்கே கிடக்கிறது, தன் கைக்கு அடங்காது, ராயபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று கையை விரித்துவிட்டாள்.

"மச்சான், வண்டிய எடு! அவ செத்துப்பூடுவா போல கீது!" என்றான் தேசப்பன்.

ஏகாம்பரம் மணலில் கிடந்த பெல்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

மாட்டு வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும். அடுத்த ரயில் சாயங்காலந்தான். சுற்று வட்டாரத்தில் மோட்டார் என்று இருந்தது இந்த ஒன்றுதான். பெல்ட் இல்லாமல் ஓட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேன் சுற்றாது, பம்ப் சுற்றாது, ரெண்டு மூணு மைலில் ரேடியேட்டர் கொதித்து இன்ஜின் இறுகி நடு ரோட்டில் நின்றுவிடும். நடு ரோட்டில் நின்றால் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவுதான். அப்படி நிற்கிற வண்டியில் அவளை ஏற்றுவதைவிட ஏற்றாமலிருப்பது மேல்.

ஒரு கயிற்றை எடுத்துப் புல்லிகளைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் முடிச்சு புல்லிப் பள்ளத்தில் தட்டி, கயிறு எகிறி வெளியே வந்தது. முடிச்சைச் சின்னதாக்கினேன். மறுபடி எகிறியது.

தேசப்பன் என்னைப் பிடித்துத் தள்ளினான். "ஓரமா குந்து பாய்! முடிச்சு போட்டா கவுறு செத்துப்பூடும். இன்னா வேணும் உனுக்கு? தலையும் வாலும் இல்லாம ஒரு வளையம், அவ்ளோதான? எண்ணூர்லருந்து காசிமேடு வரிக்கும் கேளு, தேசப்பன் கையில பின்னின கவுறு எங்கியாச்சும் அறுந்துகீதான்னு!" பெண்டாட்டி உயிருக்கு மன்றாடிக்கொண்டிருக்கும்போதும் அவன் வாய்ப்பந்தல் குறையவில்லை. சரியான பீத்தல் ஆசாமி.

லாரி நின்ற இடத்துக்கு அடுத்தாற்போல இருந்த குப்பத்தில், அவன் வீட்டு வாசலில் புது வலைக்கு வாங்கிய சணப்புக் கயிறு சுருளாகக் கிடந்தது. அம்மனுக்குப் படையல் போடாமல் புதுக் கயிற்றில் கத்தி வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பக்கத்து வீட்டுப் பெண்கள் 'ஐயையோ' என்று வாயில் கையை வைத்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை, சரக்கென்று அறுத்து லாரிக்குக் கொண்டுவந்தான்.

மூன்று புரியாக முறுக்கின கயிறு அது. அதில் ஒரே ஒரு புரியை மட்டும் பிரித்து எடுத்தான். புல்லிகளைச் சுற்றி அளவு பார்த்து அதை வளையமாக வைத்தான். மிச்ச நீளத்தை அந்த வளையத்தின் மேலேயே, பழைய முறுக்குப் போன வழியிலேயே, ஒரு சுற்று சுற்றினான். இன்னொரு சுற்று. ஒற்றைப் புரி தன் மேலே தானே சுற்றிச் சுற்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று புரிக் கயிறாகிவிட்டது. இரண்டு நுனிகளையும் வலை பின்னுகிற ஊசிக்கட்டையால் உள்ளே செருகி, காலில் போட்டு உருட்டினான். முடிச்சு இல்லை, தடிப்பு இல்லை, தொடங்கின இடம் தெரியவில்லை. நான் வாய் பிளந்து நின்றேன். அந்த வளையத்தை வாங்கி விரலால் தடவிக்கொண்டே போனேன், விரல் எங்கேயும் தட்டவில்லை. டேய், இது மனுஷன் செய்கிற காரியமா?

"ஈரம் பட்டா இறுகும் பாய். காஞ்சா தளரும். ஈரமாவே வச்சிக்கணும்" என்றான்.

டைனமோவைத் தளர்த்தி, பேன் இறக்கைகளைத் தாண்டி வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்து, ஒரு கட்டையால் டைனமோவை நெம்பி முடுக்கினேன். தேசப்பன் ஒரு சிரட்டைத் தண்ணீரை ஊற்றினான். கயிறு என் கண் முன்னாலேயே விறைத்துப் புல்லியைக் கவ்வியது. ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பேன் சுற்றியது.

இன்னொன்று பாக்கி இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. அங்கே பக்கத்தில் இருப்பதெல்லாம் உப்புத் தண்ணீர், இன்ஜினுக்குள் விட்டால் துரு அரித்துத் தின்றுவிடும். நான் வாயைத் திறக்கும் முன்னே பெண்கள் வீட்டுக்குள்ளிருந்து குடத்தோடு வந்தார்கள். விடியலில் எங்கேயோ தூரத்திலிருந்து இடுப்பில் சுமந்து வந்த குடி தண்ணீர். ஒரு குடம் போதும் என்றேன், வழிக்கு இருக்கட்டும் என்று வந்ததையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு அந்த வீடுகளில் எதைக் குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

5. இரண்டு மட்கார்டு

பூங்காவனத்தைக் கட்டிலோடு தூக்கி லாரி மேலே வைத்தார்கள். கன்னியம்மா கூட ஏறிக்கொண்டாள். பானட்டின் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றிப் போட்டேன். இடது மட்கார்டில் நான். வலது மட்கார்டில் தேசப்பன், மடியில் ஒரு டின் கடல் தண்ணீர், கையில் சிரட்டை.

"மெதுவா ஏகாம்பரம். வேகம் ஏறினா கயிறு எகிறிடும். ஆனா நிக்காத" என்றேன்.

அந்தப் பயணத்தை எப்படிச் சொல்வது? கை எட்டும் தூரத்தில் பேன் சுற்றுகிறது. ரோட்டுப் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் நாங்கள் இரண்டு பேரும் அதற்குள் விழவேண்டியதுதான். தேசப்பன் கண்ணைக் கயிற்றில் வைத்திருந்தான், பாதி நேரம் கண்ணையே மூடிக்கொண்டான். காதால் பார்த்தான். கயிறு ஈரமாக இருந்தால் 'உஸ்' என்று ஓடும். காய ஆரம்பித்தால் அடித்தொண்டையில் ஒரு முனகல் வரும். எனக்கு அந்த முனகல் கேட்பதற்கு முன்னே அவன் சிரட்டை சாய்ந்துவிடும். ஆவி பறக்கும். கயிறு மறுபடி உஸ்ஸென்று ஓடும்.

பின்னாலிருந்து பூங்காவனம் அலறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அலறலுக்கும் அவன் தோள் நடுங்கியது. "நீ பின்னால போ நைனா, தண்ணிய நான் ஊத்தறேன்" என்றேன்.

"அந்தச் சத்தத்த மருத்துவச்சி பாத்துக்கும் பாய். இந்தச் சத்தத்த நான்தான் பாத்தாவணும்" என்றான், கயிற்றிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

எர்ணாவூர் தாண்டினதும் அலறல் நின்றுவிட்டது.

ஏகாம்பரம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அவன் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு. "நோவு அடங்கிடுச்சு போல கீது பாய்! பாவம், கொஞ்சம் தூங்கட்டும். வண்டிய இன்னும் மெதுவா உட்றேன்."

காலையில்தான் ஒரு சத்தம் நின்றதைப் பார்த்து மெய்சிலிர்த்து நின்றேன். பாதி டீக்குள் என்ன ஆனது? நான் பிள்ளைப்பேறு பார்த்தவன் இல்லை, அந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நோவுக்குக் காரணம் அப்படியே இருக்கும்போது கத்தல் மட்டும் நின்றால் அது நல்லதுக்கு இல்லை என்று என் வேலை எனக்குச் சொல்லியது.

"கன்னியம்மா, இன்னா ஆச்சு?" என்று அலறினேன்.

"கூப்ட்டா முழிக்க மாட்றா பாய்! கை சில்லுனு கீது!"

"ஏகாம்பரம், மிதிடா!"

"கவுறு எகிறிடும்னு நீதான சொன்ன?"

நான் தேசப்பனைப் பார்த்தேன். அவன் டின்னைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, "மிதி மச்சான். கவுறு நிக்கும்" என்றான். இந்த முறை பீத்தல் இல்லை.

ஏகாம்பரம் மிதித்தான்.

திருவொற்றியூர் ரோட்டில் ஜனங்கள் ஓரம் ஒதுங்கி நின்று எங்களைப் பார்த்தார்கள். மட்கார்டில் இரண்டு ஆள், நடுவில் ஆவி, மேலே கட்டில். தேசப்பன் சிரட்டையைப் போட்டுவிட்டுக் கையாலேயே அள்ளி ஊற்றினான். ரேடியேட்டரிலிருந்து கொதிக்கிற தண்ணீர் தெறித்து அவன் முழங்கை வரைக்கும் சிவந்துவிட்டது. கயிற்றில் ஒரு புரி பிசிறு விட ஆரம்பித்தது. பிசிறு நீண்டு, பேன் காற்றில் மீசை மாதிரி ஆடியது.

டோல்கேட் வந்தது. என் பட்டறை வாசலைக் கடக்கிறோம். உள்ளே பழைய பெல்ட் நாலைந்து ஆணியில் தொங்கியது எனக்குத் தெரியும். அதில் ஒன்று சேரலாம், சேராமலும் போகலாம். நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தி, கழற்றி, அளவு பார்த்து, சேராவிட்டால்? தேசப்பன் என் முகத்தைப் படித்துவிட்டான் போல. தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று. நான் கையை முன்னால் காட்டினேன், போ, போ என்று. இத்தனை வருஷம் இரும்பையே நம்பிப் பிழைத்தவன், அன்றைக்கு என் பட்டறையைத் தாண்டி ஒரு சணப்புக் கயிற்றை நம்பிப் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஏகாம்பரம் பிரேக் போட்டபோது ரேடியேட்டர் மூடி துள்ளிக்கொண்டிருந்தது. கட்டிலை இறக்கி ஓடினார்கள். நான் குனிந்து கயிற்றைப் பார்த்தேன். ஒரு புரி அறுந்து தொங்கியது, இன்னொன்று பாதி போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றரைப் புரி. அதில் ஒரு வண்டி, ஐந்து பேர், பிறக்காத ஒரு உயிர். நான் அங்கேயே மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

6. ஜன்னலோரம்

ஆபரேஷன் என்றார்கள். தேசப்பன் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அவன் கைக்கு மருந்து போட வந்த நர்ஸம்மாவை அப்பால வா என்று விரட்டினான். ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டே இருந்தான். "நான் இன்னும் மெதுவா உட்றேன்னு சொன்னேனே பாய்... அவ தூங்கறான்னு நென்ச்சேனே..." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். பெண் குழந்தை, உயிரோடு இருக்கிறது என்றார். தாய்க்கு நிறைய ரத்தம் போய்விட்டது, விடிந்தால்தான் சொல்லமுடியும் என்றார். குழந்தையைத் துணியில் சுற்றிக் காட்டினார்கள். தேசப்பன் பார்த்தான், தொடவில்லை. "அது கண்ணைத் தொறக்கட்டும், அப்பால தூக்கறேன்" என்றான். அவன் சொன்னது குழந்தையை இல்லை, பெண்டாட்டியை.

மறுநாள் புதுப்பேட்டையில் அலைந்து சரியான பெல்ட் ஒன்றைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற லாரியில் அதை மாட்டினேன். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கவைத்தேன். "இனிமே கத்துனா இன்னா பண்ணுவ?" என்றேன். "காதைக் குடுப்பேன் பாய்" என்றான். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த பாடமும் அவ்வளவுதான். கத்துகிறதை அடைக்காதே, கேள். கத்திக்கொண்டிருந்தது தானாக நின்றால் இன்னும் கிட்டே போய்க் கேள்.

அப்போது தேசப்பன் வராந்தாவிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டான். பெண்கள் வார்டுக்குள் எங்களை விடமாட்டார்கள், வெளியே ஜன்னலோரமாகத்தான் நிற்கலாம். நாங்கள் போய் நின்றோம். உள்ளேயிருந்து குரல் கேட்டது. மெல்லிசாக, மூச்சு வாங்கி வாங்கி, ஆனால் விடாமல்.

"...வண்டியா ஓட்னான் அவன்? படகு ஓட்றவன்கிட்ட வண்டியக் குடுத்தா இப்டித்தான். ஒரு பள்ளம் உட்டு வச்சானா? என் இடுப்பே ஒடிஞ்சிபூட்ச்சு. வெளிய வரட்டும், கீது அவனுக்கு. இந்த மனுசன் எங்க? பொண்டாட்டி இங்க சாவுறா, இவுரு முன்னால குந்திகினு தண்ணில வெளையாடிகினு வந்தாராமே..."

நர்ஸம்மா, "போதும்மா, பேசாதே, தையல் பிரியும்" என்றாள். பூங்காவனம் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தாள். நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றோம்.